ஸ்பைனோடல்: ஒரு முள் கடந்த வழி

சிலிக்காக் கண்ணாடியின் மேல் சில நானோமீட்டர் தடிமனுக்குத் தங்கத்தைப் படியவைத்து, அதன் மேல் லேசர் துடிப்பு ஒன்றைச் செலுத்துகிறார்கள். துடிப்பு நீடிப்பது சில நானோநொடிகள். ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கி அதில் சில பங்கு. அதற்குள் தங்கம் 1064 டிகிரி செல்சியஸைத் தாண்டி உருகிவிடுகிறது, கொஞ்சம் நகர்கிறது, வெப்பம் கண்ணாடிக்குள் இறங்கியதும் நகர்ந்த நிலையிலேயே உறைந்துபோகிறது. உறைந்ததை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் முன்பிருந்த தட்டையான படலம் அங்கே இல்லை. ஓரிடத்தில் வட்டத் துளைகள், அவற்றைச் சுற்றித் தடித்த விளிம்புகள். இன்னோரிடத்தில் துளையே இல்லாமல் பரப்பு முழுதும் ஒரே சீரான இடைவெளியில் மேடும் பள்ளமும். துடிப்புகள் மேலும் மேலும் விழ, எல்லாமே துளிகளாகத் திரண்டு, இடையில் வெறும் கண்ணாடி தெரிகிறது.

திடப்பரப்பை மூடியிருந்த திரவம் தானாகவே பின்வாங்கித் துளியாகத் திரள்வதை ஆய்வகங்களில் டீவெட்டிங் என்கிறார்கள். இந்தச் சொல்லின் பிறப்பைத் தேடிப் போக வேண்டியதில்லை. நனைத்தலைக் குறிக்கும் சொல்லின் முன் எதிர்மறை ஒட்டு ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஜெர்மானியர் தங்கள் மொழியில் அதே முறையில் என்ட்நெட்சுங் என்கிறார்கள். சால்டரிங் தரச் சோதனையிலும் இந்தச் சொல் உண்டு: ஈயம் முதலில் பரவிப் பிறகு சுருங்கி மேடுமேடாக நின்றுவிட்டால் அது டீவெட்டிங், தொடக்கத்திலிருந்தே ஒட்டாமல் போனால் அதற்கு வேறு பெயர்.

என்னை இழுத்தது அந்தச் சொல்லின் முன்னால் வந்து நிற்கும் அடைமொழி: ஸ்பைனோடல். சீரான மேடுபள்ளத்தின் வழியாகப் படலம் உடைவதற்கு ஸ்பைனோடல் டீவெட்டிங் என்று பெயர். உலோகத்தையோ லேசரையோ திரவத்தையோ குறிக்காத ஒரு சொல், இந்த நிகழ்ச்சிக்கு எங்கிருந்து வந்தது? முதல் பார்வையில் சுழற்சியைக் குறிக்கும் ஸ்பின் என்ற சொல் நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் உறவில்லை. முதுகெலும்பைக் குறிக்கும் ஸ்பைன் என்ற சொல்லோடு தாயாதி உறவு உண்டு. இரண்டும் ஸ்பீனா என்ற இலத்தீன் சொல்லிலிருந்து கிளைத்தவை. ஸ்பீனா என்றால் முள். முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருப்பதால் முதுகெலும்புக்கும் அதே பெயராயிற்று. பின்பாதி நோடஸ், அதாவது முடிச்சு அல்லது கணு. ஆக, ஸ்பைனோடு என்றால் முள்கணு.

இந்தச் சொல்லைக் கட்டியவர் ஆர்தர் கெய்லி. 1849இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு, லண்டனில் லிங்கன்ஸ் இன் வளாகத்தில் சொத்துப் பத்திரங்கள் எழுதிப் பிழைத்தவர். 1863இல் கேம்பிரிட்ஜில் பேராசிரியர் பதவி கிடைக்கும் வரை பதினான்கு ஆண்டுகள் அந்தத் தொழிலில் இருந்தார். அந்த ஆண்டுகளிலேயே நூற்றுக்கணக்கான கணிதக் கட்டுரைகளையும் எழுதினார். அவருடைய நண்பர் சில்வெஸ்டரும் அப்போது லண்டனில்தான் இருந்தார். மேட்ரிக்ஸ் என்ற கணிதச் சொல் சில்வெஸ்டர் 1850இல் தந்தது. புதிய பொருளைக் கண்டால் அதற்கு உடனே இலத்தீனிலோ கிரேக்கத்திலோ ஒரு பெயர் வைத்துவிடுவது இருவருக்கும் இயல்பாக இருந்தது.

கெய்லி பெயர் வைத்தது வளைகோடுகள் தம்மைத் தாமே சந்திக்கும் இடங்களுக்கு. ஒரு வளைகோட்டின் இரு கிளைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் அது க்ரூநோடு. சிலுவையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கோட்டிலிருந்து விலகி ஒற்றைப் புள்ளி மட்டும் தனித்து நின்றால் அது ஆக்நோடு, ஊசியிலிருந்து வந்தது. இரு கிளைகளும் ஒரே திசையில் சேர்ந்து வந்து கூர்முனையாக முடிந்தால் அது ஸ்பைனோடு, முள்கணு. ஊசி, சிலுவை, முள் என்ற இந்த மூன்றும் ஒரு குடும்பம். முள் நடுவில் நிற்பது. சமன்பாட்டின் எண்களைக் கொஞ்சம் மாற்றினால் அது ஊசிப்புள்ளியாகவும் ஆகும், சிலுவைக் குறுக்காகவும் ஆகும்.

கோடுகளோடு நின்றிருந்தால் இந்தச் சொல் கணிதப் பாடநூலோடு முடிந்திருக்கும். பரப்புகளுக்கு அது எப்படிப் போனது என்பதில்தான் பின்னால் வந்த எல்லாமும் அடங்கியிருக்கிறது. ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

வளைந்த ஒரு பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு புள்ளியைத் தொட்டபடி நிற்குமாறு தட்டையான தளம் ஒன்றை வையுங்கள். தளமும் பரப்பும் வெட்டிக்கொள்ளும் கோடு எப்படி இருக்கும்? அந்தப் புள்ளி குன்றின் உச்சியில் இருப்பது போல எல்லாத் திசையிலும் ஒரே பக்கமாக வளைந்திருந்தால், தளம் அந்த ஒற்றைப் புள்ளியை மட்டும் தொடும்: ஊசி. மலைக்கணவாயைப் போல ஒரு திசையில் ஏறியும் மறு திசையில் இறங்கியும் இருந்தால், வெட்டுக்கோடு இரண்டாகப் பிரிந்து அந்தப் புள்ளியில் குறுக்கிடும்: சிலுவை. குன்று நிலம் முடிந்து கணவாய் நிலம் தொடங்கும் எல்லையில், ஏதோ ஒரு திசையில் வளைவே இல்லாமல் போகிற அந்த விளிம்பில், வெட்டுக்கோடு கூர்முனையாகும்: முள். இப்படி முள் முளைக்கும் புள்ளிகளையெல்லாம் இணைத்தால் பரப்பின் மேல் ஒரு கோடு கிடைக்கும். அதற்கு ஸ்பைனோடு வளைகோடு என்று பெயர். ஒரே தளம் பரப்பை இரண்டு இடங்களில் தொடும் புள்ளிகளுக்கும் இதைப் போலவே ஒரு கோடு உண்டு. அது இருகணுக் கோடு. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் ஜார்ஜ் சால்மன் எழுதிய வடிவகணித நூல்கள் இந்தச் சொற்களை ஏந்திக்கொண்டன. வில்ஹெல்ம் ஃபீட்லர் அந்நூல்களை ஜெர்மனுக்குக் கொண்டுபோக, ஐரோப்பா முழுக்க மாணவர்கள் அவற்றைப் படித்தார்கள்.

கெய்லி பெயர்களைக் கட்டிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், லிங்கன்ஸ் இன்னிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில், ஆல்பமார்ல் தெருவிலுள்ள ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே தங்க ரேக்கை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். தங்கத்துக்கும் ஒளிக்கும் உள்ள உறவு பற்றிய அவருடைய பேக்கரியன் உரை 1857இல் நிகழ்ந்தது. மெல்லிய ரேக்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பச்சை தெரியும். அதைக் கண்ணாடியில் ஒட்டி, உருகுநிலைக்கு வெகு கீழான சூட்டில் வைத்தாலே பச்சை போய்விடுகிறது, பளபளப்பு குன்றுகிறது, ரேக்கு ஒளியைத் தாராளமாக விடத் தொடங்குகிறது என்று அவர் கண்டார். தொடர்ந்த படலம் குலைந்து தங்கம் ஆங்காங்கே திரண்டுகொள்வதன் வெளித்தோற்றம் அது. உருகாமலே நடக்கும் அந்த நிகழ்ச்சியை இன்று திடநிலை டீவெட்டிங் என்கிறோம். ஸ்பைனோடல் வகை அல்ல அது. ஆனாலும் கண்ணாடிமேல் மெல்லிய தங்கம் நிலையற்றது என்ற செய்தி அங்கேயே வந்துவிட்டது. பொருளும் அதற்கு ஒருநாள் சேரவிருந்த பெயரும் ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒன்றையொன்று அறியாமல் இருந்தன. அவை சந்திக்க ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் ஆயின.

பெயர் முதலில் போனது வெப்ப இயக்கவியலுக்கு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வில்லர்ட் கிப்ஸ் 1873இல் ஒரு பொருளின் ஆற்றல், கனஅளவு, என்ட்ரோபி ஆகிய மூன்றையும் முப்பரிமாணப் பரப்பாக வரையலாம் என்று எழுதினார். கட்டுரையைப் படித்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் நீரைப் போன்ற ஒரு கற்பனைப் பொருளுக்கான அந்தப் பரப்பைத் தன் கையாலேயே வடித்து, பிளாஸ்டர் அச்சு ஒன்றைக் கிப்ஸுக்கு அனுப்பினார். அந்தப் பரப்பின் மேல் தட்டையான தளத்தை உருட்டினால் அது இரண்டு இடங்களைச் சேர்ந்தாற்போல் தொடும். ஒன்று திரவம், மற்றது ஆவி. இரண்டும் சேர்ந்து வாழும் நிலை அது. இரண்டுக்கும் நடுவில் பரப்பின் வளைவே மாறிப்போகும் பகுதி ஒன்று உண்டு. அங்கே எந்தப் பொருளும் ஒரே சீராக நிற்க முடியாது. கிப்ஸ் அதன் எல்லையை நிலைத்தன்மையின் எல்லை என்று பொதுவாகச் சொன்னாரே தவிர, தனிப்பெயர் எதுவும் வைக்கவில்லை.

தனிப்பெயர் ஆம்ஸ்டர்டாமில் சேர்ந்தது. அங்கே யோஹானஸ் வான் டெர் வால்ஸ் இயற்பியல் பேராசிரியர். அவரிடம் ஆய்வு செய்து 1878இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் முனைவர் பட்டத்தைப் பெற்ற டீடரிக் கோர்ட்டவெக் பின்னர் அங்கேயே கணிதப் பேராசிரியரானார். இரண்டு பொருள்களின் கலவை எப்போது ஒன்றாக இருக்கும், எப்போது பிரியும் என்ற கேள்விக்கு 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் வான் டெர் வால்ஸ் தம் கோட்பாட்டை விரித்தார்; ஆற்றல் பரப்பில் மடிப்புகள் எப்படித் தோன்றும், எப்படி மறையும் என்ற கணிதத்தைக் கோர்ட்டவெக் வகுத்தார். பரப்புகளின் வடிவகணிதம் தெரிந்தவர்களுக்கு, நிலைத்தன்மையின் எல்லை என்பது கெய்லியின் ஸ்பைனோடு வளைகோடேதான் என்பது உடனே விளங்கியிருக்கும். குன்றுக்கும் கணவாய்க்கும் நடுவிலுள்ள அதே கோடு. அது ஸ்பைனோடல் ஆயிற்று. இருகணுக் கோடு பைனோடல் ஆயிற்று. உவமையாக இரவல் வாங்கிய சொல் என்று இதை நினைக்கக் கூடாது. கணிதத்தில் அந்தச் சொல் எதைக் குறித்ததோ அதையேதான் இயற்பியலிலும் குறித்தது. பரப்பின் அச்சுகளுக்குப் பெயர்கள் மட்டும் மாறின.

ஸ்பைனோடல் கோட்டில் முள் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சில நூல்கள் வேறொரு விளக்கம் தருகின்றன. அழுத்தத்தை ஒரு அச்சிலும் வேதி நிலையாற்றலை (கெமிக்கல் பொட்டென்ஷியல்) மறு அச்சிலும் வைத்து வான் டெர் வால்ஸ் சமன்பாட்டை வரைந்தால், கோடு இரண்டு இடங்களில் கூர்முனையாகத் திரும்பும். அந்த முனைகளே பெயருக்குக் காரணம் என்பார்கள். இரண்டு விளக்கங்களும் சண்டையிட வேண்டியதில்லை. ஒரு பரப்பின் தொடுதளங்களையே புள்ளிகளாகக் கொண்டு எதிர்ப்பரப்பு ஒன்றைக் கட்டினால், முதற்பரப்பின் ஸ்பைனோடு கோடு எதிர்ப்பரப்பில் கூரான ஓரமாக வந்து நிற்கும். இதுவும் கெய்லி, சால்மன் காலத்துக் கணிதமே. ஆற்றலிலிருந்து வேதி நிலையாற்றலுக்குப் போவது அந்த எதிர்ப்பரப்புக்குப் போவதுதான். முள் ஒன்றே, அதை இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். இந்த ஒற்றுமையை முதன்முதலாக உணர்ந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கிப்ஸ் பெயர் வைக்காவிட்டாலும் இன்னொன்றைச் செய்திருந்தார். நிலையற்ற பொருள் மாறத் தொடங்குவதில் இரண்டு வகை உண்டு என்று பிரித்துக் காட்டியிருந்தார். மிகச் சிறிய இடத்தில் பெரிய மாற்றம் நிகழ்வது ஒன்று. மிகப் பரந்த இடத்தில் மிகச் சிறிய மாற்றம் நிகழ்வது மற்றொன்று. முதல் வகைக்கு ஒரு வித்து வேண்டும், ஒரு தடையைத் தாண்ட வேண்டும். இரண்டாம் வகைக்கு வித்தும் வேண்டாம், தடையும் இல்லை. ஸ்பைனோடல் கோட்டுக்கு வெளியே முதல் வகைக்கு மட்டுமே வழி. உள்ளே போய்விட்டால் இரண்டாம் வகையும் திறந்துவிடுகிறது.

இதன் காரணம் மிக எளியது. ஆற்றலை ஒரு வளைகோடாக வரைந்து, கோடு கிண்ணம் போலக் குழிந்திருக்கும் இடத்தில் பொருளை வையுங்கள். அதில் ஒரு பாதி கொஞ்சம் கூட, மறுபாதி கொஞ்சம் குறைய என்று பிரிந்தால், இரண்டின் சராசரி ஆற்றல் பழைய ஆற்றலைவிட மேலே நிற்கும். பிரிவுக்கு விலை கொடுக்க வேண்டும். பொருள் பழைய நிலைக்குத் திரும்பும். கோடு கவிழ்ந்திருக்கும் இடத்தில் எவ்வளவு சிறிய பிரிவும் ஆற்றலைக் குறைக்கும். பொருள் திரும்பி வராது. குழிவும் கவிழ்வும் சந்திக்கும் புள்ளியே ஸ்பைனோடல். ஒற்றை வளைகோடாக வரையும்போது முள் கண்ணுக்குத் தெரிவதில்லை. வளைவு பக்கம் மாறும் ஒரு புள்ளி மட்டுமே தெரிகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பெயரைக் கைக்கொண்டவர்கள் உலோகவியலார். 1940இல் பிராட்லி செம்பு, நிக்கல், இரும்புக் கலவை ஒன்றின் எக்ஸ்கதிர்ப் படத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் இருபுறமும் மங்கலான பக்கப்பட்டைகளைக் கண்டார். டேனியலும் லிப்சனும் 1943இல் அவற்றை அளந்து, கலவைக்குள் உலோக விகிதம் அலைபோல் ஏறி இறங்குகிறது என்று காட்டினார்கள். அந்த அலை ஏன் எழுகிறது என்பதற்கு எம்.ஐ.டி.யில் மாட்ஸ் ஹில்லர்ட் 1956இல் தன் ஆய்வேட்டில் வழி திறந்தார். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்திலிருந்து ஜான் கான் 1961இல் எழுதிய கட்டுரை அதை முழுக் கோட்பாடாக்கியது. ஸ்பைனோடல் சிதைவு என்ற தொடர் அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருந்தது. கான் காட்டியதில் பின்னவர்களுக்கு மிகவும் பயன்பட்டது ஒன்று: நிலையற்ற பகுதிக்குள் எல்லா அலைகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. மிகக் குறுகிய அலைகளை எல்லைப்பரப்பின் ஆற்றல் அடக்கிவிடும். மிக நீண்ட அலைகள் வளர அணுக்கள் வெகுதூரம் போக வேண்டும். நடுவில் ஓர் அலைநீளம் மற்றவற்றை முந்திக்கொண்டு வளரும். அதனால்தான் வித்து எதுவும் இல்லாமலேயே ஒழுங்கான ஓர் இடைவெளி தோன்றுகிறது.

அதற்குப் பிறகு இந்தப் பெயர் இன்னொரு வகைப் பொருளைத் தேடிப் போனது: மெல்லிய திரவப் படலம். இங்கே கலவை விகிதத்தின் இடத்தில் படலத்தின் தடிமன் வந்து உட்கார்கிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஃப்ரெய் 1966இல் சோப்புப் படலம் போன்ற தனித்த திரவப் படலங்களின் தடிமனில் எழும் சிற்றலைகள் தாமாகவே வளர்ந்து படலத்தை உடைக்கும் என்று காட்டினார். திடப்பரப்பின் மேல் கிடக்கும் படலத்துக்கு அதே கணக்கை 1974இல் ருக்கென்ஸ்டைனும் ஜெயினும் செய்தார்கள். 1993இல் மிட்லின் இரண்டு துறைகளையும் நேருக்கு நேர் நிறுத்தி, திடப்பரப்பில் நடக்கும் டீவெட்டிங்கைக் கானின் ஸ்பைனோடல் சிதைவோடு ஒப்பிட்டு எழுதினார். அடைமொழி டீவெட்டிங்கோடு சேர்ந்தது இப்படித்தான்.

படலத்தைக் கவிழ்ந்த வளைவுக்குள் தள்ளும் விசை எது என்று பார்த்தால் வான் டெர் வால்ஸ் மறுபடியும் வருகிறார். மூலக்கூறுகளுக்கும் அணுக்களுக்கும் இடையில் எப்போதும் இருக்கும் மெல்லிய ஈர்ப்புக்கு அவர் பெயர்தான். பெரும்பொருள்களுக்கு இடையில் அதை எப்படிக் கூட்டிக் கணக்கிடுவது என்று பிலிப்ஸ் ஆய்வகத்தின் ஹமேக்கர் 1937இல் வகுத்தார். உருகிய தங்கத்தின் அணுக்கள் கண்ணாடியை ஈர்ப்பதைவிட மிக வலுவாக ஒன்றையொன்று ஈர்க்கின்றன. அதனால் படலம் மெலிந்த இடம் மேலும் மெலியவும், தடித்த இடம் மேலும் தடிக்கவும் ஆற்றல் இடம் கொடுக்கிறது. எதிர்த்து நிற்பது பரப்பு இழுவிசை மட்டுமே. அலை எழுந்தால் மேற்பரப்பு கூடும், அதற்கு ஆற்றல் செலவாகும். இரண்டும் மோதிக்கொள்வதில் ஓர் அலைநீளம் முந்துகிறது. வான் டெர் வால்ஸ் விசை மட்டும் வேலை செய்யும்போது அந்த அலைநீளம் தடிமனின் இருமடியாகவும், அலை வளர்ந்து படலம் உடையும் நேரம் தடிமனின் ஐந்தாம் அடுக்காகவும் போகும். தடிமன் இரட்டித்தால் இடைவெளி நான்கு மடங்கு, நேரம் 32 மடங்கு. சில நானோமீட்டர் படலங்களில் மட்டுமே இது ஆளுகிறது என்பதற்கு அந்த 32தான் காரணம்.

இதை உலோகத்தில் பார்க்க லேசர் ஏன் தேவைப்பட்டது? உருகிய தங்கத்தின் பரப்பு இழுவிசை நீரைப் போல ஏறக்குறைய 15 மடங்கு. பாகுநிலையோ நீரைப் போல ஐந்து மடங்கு அளவுக்குத்தான். இழுப்பது வலிது, தடுப்பது மெலிது. ஆகவே எல்லாம் நானோநொடிக் கணக்கில் முடிந்துவிடும். உலையில் வைத்து உருக்கினால் கதவைத் திறப்பதற்குள் கடைசித் துளிகள் மட்டுமே மிஞ்சியிருக்கும். தொடக்கத்து அலையைப் பிடிக்க, அந்த வேகத்திலேயே உருக்கி அந்த வேகத்திலேயே உறையவைக்க வேண்டும். மைமன் 1960 மே 16இல் முதல் லேசரை இயக்கினார்; லேசர் ஆற்றலைச் சேர்த்துவைத்து ஒரே குறுந்துடிப்பாக விடும் கியூ-சுவிட்ச் முறையின் முடிவுகளை மெக்ளங்கும் ஹெல்வார்த்தும் 1962இல் வெளியிட்டார்கள். உருக்கவும் உறையவைக்கவும் ஏற்ற கருவி அதுதான். படலத்துக்கு அடியில் மின்கடத்தாப் பொருள் இருப்பதற்கும் காரணம் உண்டு. லேசரின் பச்சை ஒளியைச் சிலிக்கா விழுங்குவதில்லை, சூடு முழுதும் உலோகத்திலேயே பிறக்கிறது. சிலிக்கா வெப்பத்தை மெதுவாகவே கடத்துகிறது. கோபால்டையும் நிக்கலையும் சூடாக்கினால் வெறும் சிலிக்கன் செய்வதுபோல அவற்றோடு கலந்து புதுச் சேர்மமும் ஆகிவிடுவதில்லை. படலம் வேறெதற்கும் ஆட்படாமல் தன் இயல்பைக் காட்டுகிறது.

ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் லைடரரின் குழு செய்ததும் இதுவே. பிஷோஃப், ஷெரர், ஹெர்மிங்ஹவுஸ், லைடரர் நால்வரும் 1996இல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பில் மெல்லிய உலோகப் படலங்களின் டீவெட்டிங் முறைகள் இரண்டு பெயரோடு நின்றன: துளை வித்திடல், ஸ்பைனோடல் டீவெட்டிங். கிப்ஸ் பிரித்துக் காட்டிய அதே இரண்டு. சிறு இடத்தில் பெரிய மாற்றமான துளைகளும், பரந்த இடத்தில் சிறிய மாற்றமான மேடுபள்ளமும் உறைந்த உலோகத்தில் பதிந்து நின்றன. கெய்லியின் பெயர் ஃபாரடேயின் பொருளிடம் வந்து சேர்ந்தது இந்தக் கட்டுரையில் என்று நான் கருதுகிறேன்.

பெயர் கிடைத்ததும் பலரும் அதை எடுத்தாண்டார்கள். சிக்கலும் அங்கேயே தொடங்கியது. ஒழுங்கான துளைகளையோ சீரான துளிகளையோ கண்டால் ஸ்பைனோடல் என்று எழுதிவிடும் பழக்கம் பரவியது. ஒழுங்கு மட்டும் சான்றாகாது. ஸ்பைனோடல் என்பது தோற்றத்தின் பெயரல்ல, ஆற்றல் வளைவு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதன் பெயர். தூசியோ, ஆவியாய்ப் படிந்த உலோகத்தின் துகள் எல்லைகளோ அடர்த்தியாக இருந்தால் வித்தில் பிறந்த துளைகளும் நெருக்கமாகவும் ஏறக்குறைய ஒழுங்காகவும் தெரியலாம். காரின் யாகோப்ஸ், ஹெர்மிங்ஹவுஸ், மெக்கே மூவரும் 1998இல் பாலிமர் படலங்களின் துளைகள் எங்கெங்கே விழுந்திருக்கின்றன என்பதை நுட்பமான வடிவ அளவைகளால் ஆராய்ந்தார்கள். அந்தப் படலங்கள் குறைபாடுகளின் வழியாகவே உடைகின்றன என்பதைத் தலைப்பிலேயே சொன்னார்கள். அதே ஆண்டு ஹெர்மிங்ஹவுஸும் மற்றவர்களும் திரவப் படிகத்திலும் திரவ உலோகத்திலும் ஸ்பைனோடல் டீவெட்டிங் பற்றிச் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். பாலிமர்ப் படலத்தில் அந்தப் பெயரை மறுத்த ஆய்வாளர்களே திரவ உலோகத்துக்கு அதைக் கொடுத்தார்கள். பெயர் வேண்டியவர்க்கெல்லாம் கிடைக்கும் அலங்காரமல்ல, சோதித்து வழங்க வேண்டிய ஒன்று என்ற கண்டிப்பு அதில் தெரிகிறது. அந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 2001இல் தீலேயும் உடனாய்வாளர்களும் இன்னும் ஒரு படி போனார்கள்: ஸ்பைனோடல் எல்லைக்குள்ளேயே, வளைவு கவிழ்ந்த பகுதியிலேயே, வித்து வழியான உடைவு முந்திக்கொள்ளும் இடம் உண்டு என்றார்கள்.

எதிர்ப்பக்கத்துச் சான்றும் உண்டு. அது வெள்ளியில் கிடைத்தது. அமெரிக்காவில் கல்யாணராமன், சுரேஷ்குமார் ஆகியோரின் குழு முதலில் சிலிக்காமேல் கோபால்டுப் படலங்களை 266 நானோமீட்டர் புறஊதா லேசர் துடிப்புகளால் உருக்கி, துளிகளுக்கு இடையிலுள்ள தொலைவு தடிமனின் இருமடியாகப் போகிறதா என்று அளந்து பார்த்தது, அப்படித்தான் போயிற்று. பிறகு 2010இல் கல்யாணராமன் குழு வெள்ளிப் படலங்கள் பற்றி எழுதியது. 2 முதல் 9.5 நானோமீட்டர் வரையிலான படலங்கள் உடையும்போது நடுக்கட்டத்தில் உலோகமும் வெற்றிடமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. 11.5 முதல் 20 நானோமீட்டர் வரையிலானவற்றில் ஒரே அளவான துளைகள் தோன்றின. பார்ப்பவர் முன்னதை ஸ்பைனோடல் என்றும் பின்னதை வித்திடல் என்றும் பிரித்திருப்பார். இடைவெளிகளை அளந்தபோதோ, இரண்டு வகையும் தடிமனோடு ஸ்பைனோடல் கணக்குப்படியே சீராகக் கூடின. தோற்றம் ஏன் மாறியது? அதற்கான விடையை ஆற்றலின் வளைவிலேயே தேடினார்கள். மூலக்கூறு விசைகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் தடிமனோடு அந்த வளைவின் அளவு மாறுகிறது. தோற்றம் மாறும் என்று இவ்வாறு கணித்த தடிமன் வெள்ளியில் கண்டதோடு ஒத்துப்போனது. ஐ.ஐ.டி. கான்பூரின் அசுதோஷ் சர்மாவும் கன்னாவும் 1998இலேயே திரவப் படலங்களுக்கு இத்தகைய தோற்ற மாற்றத்தை எதிர்பார்த்திருந்தார்கள். எந்த வளைவுக்காகக் கெய்லி முள் என்றாரோ, அதே வளைவை அளந்து வெள்ளியின் தோற்றத்தை விளக்குகிறார்கள்.

உருகிய உலோகத்தில் இன்னொரு தொந்தரவும் உண்டு. படலம் தடித்த இடமும் மெலிந்த இடமும் லேசர் ஒளியை ஒரே அளவில் ஏற்பதில்லை. ஆகவே வெப்பநிலை இடத்துக்கு இடம் மாறுகிறது, அதனோடு பரப்பு இழுவிசையும் மாறுகிறது. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத் திரவம் இழுபடுகிறது. மெலிந்த இடம் சூடாக இருந்தால் இது உடைவை விரைவுபடுத்தும். தடித்த இடம் சூடாக இருந்தால் உடைவை எதிர்க்கும். இந்த இழுப்பு சேர்ந்ததும் இடைவெளி இருமடிக் கணக்கிலிருந்து விலகக்கூடும். அப்போது அலை இருக்கிறது, வித்து இல்லை, தடையும் இல்லை. ஆனால் ஆற்றலின் வளைவு மட்டும் காரணமல்ல. அப்படிப்பட்ட படலத்துக்கு என்ன பெயர்?

ஆய்வுக்கட்டுரைகளில் இப்போது ஒரு வழக்கம் காணப்படுகிறது. இருமடிக் கணக்கு பொருந்தினால் ஸ்பைனோடல் என்று எழுதுகிறார்கள். பொருந்தாமல் தோற்றம் மட்டும் ஒத்திருந்தாலோ, காரணங்கள் கலந்திருந்தாலோ, ஸ்பைனோடல் போன்ற டீவெட்டிங் என்று எழுதுகிறார்கள். அந்தப் ‘போன்ற’ பலமுறை கைமறந்து விடுபட்டும் போகிறது. ஒரு கட்டுரையை எடுத்துப் படிக்கத் தொடங்குமுன் தடிமனுக்கு எதிராக இடைவெளியை மடக்கை அளவில் வரைந்த படம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கோட்டின் சாய்வு இரண்டாக இருந்தால் ‘போன்ற’ தேவையில்லை. படமே இல்லாவிட்டால் அந்தச் சொல்லை நீங்களே சேர்த்துப் படித்துக்கொள்ளலாம்.